அழகர் எதையும் மறக்கவில்லை

மட்டாஞ்சேரி
12-8-1963

அன்பு மகன் செல்லதுரைக்கு அம்மா எழுதுவது. இங்கே என் முழங்கால் வலியும் மழையும் விட்டபாடில்லை, அது தவிரக் குறை ஒன்றுமில்லை. அங்கே நீயும் மருமகளும் பேரப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க மாரியம்மன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளைக்கு இருமல் நிற்கவில்லை என்று மருமகள் எழுதியிருந்தாள். ஒற்றை அறைக்குள் கொடி கட்டி ஈரத்துணியைக் காயப்போட்டால் இருமல் எப்படி நிற்கும்? துணியை வராந்தாவில் போடச் சொல், அரைகுறையாகக் காய்ந்தாலும் இஸ்திரி போட்டு உடுத்திக்கொள்ளலாம். டாக்டர் மருந்தோடு படுக்கப்போகும்போது ஒரு வாய் மிளகுக் கஷாயமும் கொடுக்கட்டும். போன மாதம் நான் அனுப்பிய மிளகு முதல் தரம், அதை ரசத்தில் போட்டுத் தீர்த்திருப்பீர்கள்.

உன் கடிதம் போன திங்கட்கிழமை வந்தது. கூடவே நீ இங்கிலீஷில் டைப் அடித்து வைத்த தாளும் வந்தது. நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் புள்ளிக்கோடுகூடப் போட்டிருக்கிறாய். ஜன்னல் கண்ணாடி வருகிற பெட்டிகளின் மேல் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பார்த்து இங்கிலீஷ் பழகியவள் நான், பள்ளிக்கூடம் போனவள் இல்லை. ஆனாலும் அந்தத் தாளை யார் கையிலும் கொடுக்காமல் நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். அழகர் என்ற வேலையாள் ஜன்னல் சட்டத்தின் ஆப்பை இறுக்க மறந்துவிட்டான், அதனால் சட்டம் தெருவில் விழுந்தது, ஒரு பெண்ணுக்கு அடிபட்டது என்று எழுதியிருக்கிறாய். விழுந்ததும் அடிபட்டதும் சரி, மற்றது சரியில்லை. நீ கேட்டதெல்லாம் உங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் மெட்ராஸ் ஆபீஸிலிருந்து விசாரிக்க வந்த லக்ஷ்மிநாராயணன் சொன்ன கதை. ஒரு தடவை என் வாயாலும் கேட்டுக்கொள்.

பஜார் ரோட்டில் மிளகு வியாபாரம் செய்கிற வெங்கிடாசலம் சாமி மூன்று மாடி வைத்துப் புதுக் கட்டிடம் கட்டினார், அதற்கு ஜன்னல் வேலை முழுதும் நம் கண்டிராக்ட். ஆனி முடிவதற்குள் எல்லா ஜன்னலுக்கும் கண்ணாடி போட்டு ஓரத்தில் புட்டிப் பசை வைத்தாயிற்று, மேல் மாடியில் ரோட்டைப் பார்த்த ஒன்றைத் தவிர. ஏன் அது ஒன்றை விட்டோம் என்று உன் தாளில் ஒரு வரி இல்லை. பம்பாய் போய் மறந்துவிட்டாயோ, எழுதினால் உன் ஆபீஸில் சிரிப்பார்கள் என்று விட்டாயோ எனக்குத் தெரியாது. உன் அப்பா இந்தத் தொழிலைத் தொடங்கிய நாளிலிருந்து நாம் எந்தக் கட்டிடத்திலும் ஒரு ஜன்னலை முடிக்காமல்தான் நிறுத்தி வைப்போம். சட்டத்தைச் சுவரோடு சேர்த்துப் பூசாமல் ஆப்பு வைத்து நிறுத்தி, கண்ணாடிக்குப் பதில் சாக்கு அடித்து விடுவோம். வீட்டுக்காரர் பால் காய்ச்சுகிற அன்று வேட்டியும் வெற்றிலையும் வைத்துக் கொடுக்க, தலைமை ஆள் மேலே போய் அந்த ஒரு ஜன்னலை முடிப்பான். எல்லாவற்றையும் நாமாகவே முடித்துவிட்டுக் கையைக் கழுவினால் அடுத்த வேலை வராது என்று ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. அது மூடத்தனமாகவே இருக்கட்டும், உன் அப்பா போன பிறகும் வேலை வந்துகொண்டுதான் இருந்தது, நீ படித்ததும் அதில்தான். இந்தத் தடவை வந்த வினை என்னவென்றால் இடையில் கர்க்கடக மாதம், நம் ஆடி, வந்துவிட்டது. கர்க்கடகத்தில் இங்கே யாரும் பால் காய்ச்சுவதில்லை, சிங்க மாதம் பிறக்கட்டும் என்று சாமி சொல்லிவிட்டார். சில நாள் நிற்க வேண்டிய ஆப்பு அடைமழை முழுதும் நிற்க வேண்டியதாயிற்று.

மழையில் மரம் ஊறும், கொஞ்சம் வெயில் அடித்தால் சுருங்கும், ஆப்பு தளர்ந்துபோகும். அதனால் தினமும் சாயங்காலம் கொச்சங்காடிக் கிடங்கைப் பூட்டிக்கொண்டு வரும்போது நானே மேல் மாடிக்கு ஏறி, கொட்டாப்புளியால் ஆப்பை இறுகத் தட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். இந்த முழங்காலோடு ஏன் ஏறுகிறீர்கள் என்று நம் தலைமை ஆள் அழகர்கூட ஒரு நாள் கேட்டான், வேலை எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போகிறேன் என்றுதான் சொன்னேன். ஆப்பு தட்டுகிற வேலையை நான் யாரிடமும் ஒப்படைத்ததில்லை. கர்க்கடக அமாவாசை அன்று விடிவதற்கு முன்னே படகு பிடித்து ஆலுவாவுக்குப் போனேன். உன் அப்பாவுக்கு நீ வந்து செய்ய வேண்டிய பிதுர்பலி, லீவு கிடைக்கவில்லை என்று எழுதிவிட்டாய், பெரியாறு பெருகி மணல்திட்டை மூடிக் கிடந்தது, கரையோரமாக நின்று நான் போட்டுவிட்டு வந்தேன். அதைக் குறையாக எழுதவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். அன்று சாயங்காலம், நான் ஆப்பு தட்டுகிற நேரம் தாண்டிய பிறகு, காற்று பிடித்தது. நனைந்த சாக்கு படகுப் பாய் மாதிரிக் காற்றை வாங்கி, ஆப்பைக் கழற்றிக்கொண்டு சட்டம் கதவோடு ரோட்டில் விழுந்தது. அங்கம்மாளை நீ பார்த்திருப்பாய், இடக்கொச்சியிலிருந்து கப்பைக்கிழங்கு கொண்டுவந்து பஜாரில் விற்கிறவள். கூடை தலையில் இருந்ததால் தலை தப்பியது, வலது தோள் எலும்பு முறிந்தது. நான் படகை விட்டு இறங்கும்போதே படகுத்துறையில் நின்ற ஆட்கள் சொல்லிவிட்டார்கள். பலி போட்ட ஈரப் புடவையோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் வலியிலும் என்னைப் பார்த்து, “வந்துட்டியா மாயம்மா, ஜன்னல் வாங்க ஆள் இல்லேன்னு என் தலையிலேயே போட்டுட்டியே” என்றாள்.

போன வருஷம் நீ சொல்லித்தான் உங்கள் கம்பெனியிலேயே இன்ஷூரன்ஸ் எடுத்தேன். தெருவில் போகிறவர்களுக்கு நம் வேலையால் அடிபட்டால் கம்பெனி கொடுக்கும், ஆட்கள் மேலேயிருந்து விழுந்தாலும் கொடுக்கும் என்று நீதான் எழுதினாய். அந்தத் தைரியத்தில்தான் அங்கம்மாளிடம், உன் கை சரியாகிக் கூடை தூக்குகிற வரை உன் பாடு என் பாடு என்று சொன்னேன். வெங்கிடாசலம் சாமியிடம் போனால் அவர் கையை விரித்துவிட்டார். “வீடு இன்னும் கைமாறல்லே, பாலும் காய்ச்சல்லே, அப்பறம் எனக்கென்ன பாத்தியதை, நீங்களே சொல்லுங்கோ” என்றார். கீழே அவருடைய மிளகு மூட்டை அடுக்கிக் கிடக்கிறது, மேலே வீடு கைமாறவில்லையாம். ஆனாலும் அவர் சொல்வதில் பிழை கண்டுபிடிக்க முடியாததுதான் எனக்கு எரிச்சல். பிறகு லக்ஷ்மிநாராயணன் வந்தார். சின்ன வயது, மழைக்குச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நம் கிடங்குக்கு வந்தார், சாயா போட்டுக் கொடுத்து எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே வந்து, அந்த ஜன்னலை வேண்டுமென்றே விட்டு வைத்தோம் என்ற இடத்தில் பேனாவை மூடிவிட்டார். “அம்மா, இதை நான் கேக்கவே இல்லைன்னு வச்சுக்கறேன். பாலிசி கவனக்குறைவுக்குத்தான். அபாயம்னு தெரிஞ்சே ஒரு ஜன்னலை மழையில நிறுத்தி வச்சேன்னு நீங்களே எழுதிக் குடுத்தா கம்பெனி ஒண்ணும் தராது” என்றார். மறந்தவனுக்குக் கொடுப்பீர்கள், தினம் நினைத்து ஏறி இறங்கினவளுக்குக் கொடுக்க மாட்டீர்களா என்று கேட்டேன். “நியாயம் நீங்க சொல்றதுதான், சட்டம் நான் சொல்றது” என்றார். அந்த மனிதரை எனக்குக் கோபிக்கத் தோன்றவில்லை. யாராவது ஒரு ஆள் இறுக்க மறந்துவிட்டான் என்று எழுதுங்கள், அங்கம்மாளுக்கு உடனே கிடைக்க நான் வழி பண்ணுகிறேன் என்று அவர்தான் சொல்லிவிட்டுப் போனார். அந்த யாராவதுக்கு அழகர் பெயரைப் போட்டு அனுப்பியது நீ.

நீ என்னிடம் கேட்காமல் அழகருக்கும் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறாய். அவன் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து நின்றான். “மதினி, எழுதிக் குடுத்துருங்க. என் பேரு என்ன வெங்கலப் பானையா, கீழ விழுந்தா நசுங்கிப்போக?” என்று சிரிக்கிறான். அவன்கிட்டே சொல்லாத வேலையை அவன் எப்படி மறப்பான், போய் உளியைத் தீட்டு என்று அனுப்பினேன். அங்கம்மாளைப் பார்க்கப் போனால் அவள் அதற்கு மேல். மகள் வீட்டில் ஒரு மூலையில் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தாள், பொய் எழுத மாட்டேன் என்று சொன்னேன். “ஆமா, நீ அரிச்சந்திரன் தங்கச்சி. உன் நெசத்தைத் தலையில வச்சு நான் பஜாருக்குப் போறேன், நாலு பேரு கிலோ என்ன விலைன்னு கேப்பான். சோத்துக்கு மகள் மூஞ்சியைப் பாக்குறவ நான், நீ இல்ல” என்று மூஞ்சிக்கு நேரே சொன்னாள். அவள் மகள் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஆயிரம் பேரிடம் வாய் கொடுத்து ஜெயித்தவள், அன்று எழுந்து வரும்போது எனக்கு வலித்தது கால் மட்டும் இல்லை.

அடிபட்டவளும் எழுதச் சொல்கிறாள், பழி ஏற்கிறவனும் எழுதச் சொல்கிறான், பெற்ற மகனும் எழுதச் சொல்கிறான். சரி, கிழவிக்குத்தான் புத்தி பிசகிவிட்டதோ என்று எனக்கே சலிப்பாக வந்தது. உன் தாளை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தும்விட்டேன். அப்போது அழகர் பெண்டாட்டி கமலாக்ஷி வந்தாள். அவனுக்குத் தெரியாமல் வந்து, தன் மலையாளத் தமிழில் பேசினாள். “ஆ மனுஷன் சொல்றதைக் கேக்க வேண்டா சேச்சி. நாளைக்கு எங்கேயாவது மேலே நின்னு விழுந்தா, முன்னாடியே மறதிக்காரன்னு சொல்லி என்னையும் பிள்ளையளையும் வெறுங்கையோட மடக்கி விடுவாங்களா? அது மட்டும் கேட்டுச் சொல்லு” என்றாள். எனக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது, மேலே ஏறுகிறவனைக் கட்டிக்கொண்டவள் அல்லவா? அந்தத் தாளை வாங்கிப் போக லக்ஷ்மிநாராயணன் மறுபடி வந்து தங்கியிருந்தார், மறுநாள் காலையில் அவர் லாட்ஜுக்கே போய் அதைக் கேட்டேன். முதலில் அதெல்லாம் இப்போது எதற்கு என்றார். நான் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. கடைசியில், பெயர் ரிக்கார்டில் இருக்கும் என்றார். இருந்தால் என்ன என்றேன். அடுத்த வருஷம் பாலிசி போடும்போது முன்னால் கவனக்குறைவு செய்த ஆள் உயரத்தில் வேலை செய்யக் கூடாது என்று ஒரு ஷரத்து சேர்ப்பார்கள் என்றார். மீறி ஏற்றினால்? “விழுந்தா கம்பெனி தராது அம்மா” என்றார். அழகர் தரையில் நின்று செய்கிற வேலை நம் தொழிலில் என்ன இருக்கிறது? செல்லதுரை, நீ அதே ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறாய். இது உனக்குத் தெரிந்து அவன் பெயரை எழுதினாயா, தெரியாமல் எழுதினாயா என்று நான் கேட்கப் போவதில்லை. இரண்டு பதிலும் எனக்கு வேண்டாம்.

அதே பெஞ்சில் இருந்துகொண்டு இன்னொன்றும் கேட்டேன். ஆள் செய்யாமல் கண்டிராக்டரே கவனக்குறைவாக இருந்தால் அடிபட்டவளுக்குக் கொடுப்பீர்களா என்று. அதற்கும் பாலிசி உண்டு என்றார், ஆனால் அந்தக் கண்டிராக்டருக்கு அடுத்த வருஷம் எந்தக் கம்பெனியும் எளிதில் பாலிசி போடாது, யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். யோசிக்க என்ன இருக்கிறது? ஆப்பு தட்ட வேண்டியவள் நான், தட்டாத நாள் அன்று ஒரு நாள்தான், தட்டச் சொல்லி வேறு ஆளை வைக்காததும் நான்தான். அதையே அவர் எழுதிக் காட்ட, படித்துப் பார்த்து அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஒரு ஜன்னலை விட்டு வைக்கிற வழக்கத்தைப் பற்றி மறுபடி கேட்டால் அதையும் சொல்லியிருப்பேன், அவர் கேட்கவில்லை, நானாகப் போய்ச் சொல்லவும் இல்லை, அந்த அளவுக்கு அங்கம்மாள் என்னை இறக்கிவிட்டாள். அவளுக்கு உறுதியாகக் கிடைக்கும் என்று அவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டு மெட்ராஸுக்கு ரயில் ஏறிவிட்டார். ஆகவே தந்தி அடித்துக் காசைத் தண்ணீரில் போடாதே. உன் ஆபீஸில் உன் அம்மா பெயர் கவனக்குறைவுக்காரி என்று ஒரு பெட்டியில் ஏறும், உனக்கு மேலே இருக்கிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. இந்த வருஷம் உனக்கு வரவேண்டிய பிரமோஷனையும் நினைத்துப் பார்த்தேன். நினைத்துப் பார்த்துத்தான் போட்டேன். என்மேல் வருத்தப்படு, ஆனால் அவமானப்படாதே.

இனி ஐலண்டில் துறைமுகத்து ஆட்களுக்குக் கட்டுகிற குடியிருப்பு வேலை நமக்கு இல்லை. பாலிசி காட்டாமல் அங்கே ஏணியைக்கூட இறக்க விடமாட்டார்கள். ஆனால் அழகருக்குக் கொடுப்பார்கள், அவன் கை வேலை அவர்களுக்குத் தெரியும், நான் போய்ப் பேசியும் வந்துவிட்டேன். கண்டிராக்ட் அவன் பெயரில், ஆட்கள் அதே ஆட்கள், கிடங்கையும் சாமானையும் நான் கொடுக்கிறேன். இதைச் சொன்னதும் அவன் கையிலிருந்த அளவுகோலைத் தூக்கிப் போட்டான். “என்னைக் கேக்காம எனக்குப் பதிலா நிக்க உங்களை யாரு கூப்பிட்டா மதினி? அண்ணன் பலகையைக் கழத்தி என் பேரை மாட்டவா நான் இங்க இருக்கேன்?” என்று கத்தினான். அதிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. காலையில் வருகிறான், முதுகைக் காட்டி உட்கார்ந்து வேலையைச் செய்கிறான், சோற்றுப் பொட்டலத்தை வெளியே கொண்டுபோய்ச் சாப்பிடுகிறான். நான் பேசினால் கேட்க மாட்டான், என் பிடிவாதம் அவனுக்கும் ஒட்டிக்கொண்டது. நீ எழுது. அந்தத் தாளில் எழுதின மாதிரி அழகர் என்ற வேலையாள் என்று எழுதாதே, சின்ன வயதில் கூப்பிட்ட மாதிரி சித்தப்பா என்று கூப்பிட்டு எழுது. மன்னிப்பு ஒன்றும் கேட்க வேண்டாம், அவனுக்கு அது பிடிக்காது. ஐலண்டு வேலையில் மேலே ஏறப்போகிற ஆட்கள் யார் யார், என்ன வயது என்று மட்டும் அவனிடம் கேள். பதில் எழுத உட்கார்ந்தான் என்றால் சம்மதித்துவிட்டான் என்று அர்த்தம். ஊரில் எல்லாருக்கும் என்மேல் கோபம், எனக்கும் எல்லார்மேலும் கோபம், களைப்பாக இருக்கிறது. ஆனால் நேற்று ராத்திரி தூக்கம் வந்தது.

நீயும் மருமகளும் ஒருவருக்கொருவர் ஒளிக்காமல் நெடுநாள் வாழ வேண்டும். பிள்ளை இருமல் நின்று நன்றாக ஓடி ஆட வேண்டும், என் ஆசீர்வாதம் மூன்று பேருக்கும் எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே. அழகர் பெயருக்கு இன்ஷூரன்ஸ் பாரம் ஒன்றை நீயே நிரப்பி அடுத்த தபாலில் அனுப்பு, அது வந்து பணமும் கட்டி முடிக்கிற வரை அவனை எந்த ஏணியிலும் ஏற விடமாட்டேன். அதில் இதற்கு முன் இவரால் விபத்து ஏதும் நேர்ந்ததுண்டா என்று ஒரு கேள்வி இருக்கும். இல்லை என்று எழுது. கை கூசாமல் எழுதலாம், அது உண்மை.

இப்படிக்கு
உன் அம்மா
மாயம்மாள்